நனையாத சட்டை

இதைப் படிக்கும்போது நீ ஹூவே நகரத்து விடுதி அறையில் இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே மூன்று நாளாக மழை என்றும், மழை விட்டால் நாளைக் காலையில் ஹாய் வான் கணவாயில் ஏறப்போவதாகவும் எழுதியிருந்தாய். ஏறாதே. இதையே ஒற்றை வரியில் இன்று காலை அனுப்பினேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "பயப்படாத ஆத்தா, மெதுவா ஏறிருவேன்" என்றாய். கூப்பிட்டால் எடுப்பதில்லை. திரும்பி வா என்று சொல்வதாக இருந்தால் போனை எடுக்கவே மாட்டேன் என்று போன வாரமே சொல்லிவிட்டாய். ஒற்றை வரிக்கு உன்னிடம் மதிப்பில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் முதலிலிருந்து எழுதுகிறேன். முழுதும் படித்த பிறகும் நீ ஏற நினைத்தால் என்னால் தடுக்க முடியாது. நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

ஹனோயில் சைக்கிளின் பாகங்களை மாட்டிக்கொண்டு நீ கிளம்பிய அன்று எனக்குப் பயம் எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள்தான் பயந்தார்கள். வியட்நாமை வடக்கிலிருந்து தெற்கே சைக்கிளில் கடந்து சைகோன் போய்ச் சேருவேன், நம் பாட்டையா கடை வைத்திருந்த தெருவில் நின்று ஒரு படம் எடுப்பேன் என்று நீ சொன்னபோது, உன்னைப் பெற்ற அப்பச்சியே, "அதுக்கு ஏரோப்பிளேன் இருக்குல்ல?" என்று கேட்டார். நான்தான் உன் பக்கம் பேசினேன். இருபது வயதில் உன்னைப் பெற்றவள் நான். என் இருபதுகளில் நான் போன தூரமெல்லாம் புத்தகத்துக்குள் போனதுதான். நீயாவது காலால் போ என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு தவறென்று தோன்றவில்லை. உன்னை அனுப்பியது தவறில்லை. உன்னிடம் எதைச் சொல்லாமல் அனுப்பினோம் என்பதுதான் விஷயம். அது அப்போது எனக்கும் தெரியாது.

முதல் மயக்கத்தை நீ ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாய். ஹனோய்க்குத் தெற்கே ஒரு சின்ன மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோது கண் இருண்டு வயலோரம் சரிந்துவிட்டாய். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் தூக்கி, பக்கத்தில் இருந்த சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். "டாக்டரம்மா என் நாக்கைப் பாத்துட்டு என்னமோ சொல்லுச்சு ஆத்தா. போன்ல மொழிபெயர்த்தா, 'நீர் வாடிய கீரையாக இருக்கிறீர்'னு வருது!" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். குளுக்கோஸ் ஏற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலங்களைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வின் நகரத்தில் நெஞ்சு படபடக்கிறது என்று போனாய்; வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கும் தெற்கே, மலைப்பாதை ஒன்றில் பாதி ஏறும்போது இரண்டாவது மயக்கம். இந்த முறை லாரிக்காரர் ஒருவர் உன்னையும் சைக்கிளையும் ஏற்றிப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். அங்கேதான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளைப் படம் பிடித்து, "என் நெஞ்சுக்குள்ள எவ்வளவு மலை இருக்கு பாரு" என்று எழுதி எனக்கு அனுப்பினாய். அந்த டாக்டர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டதாகவும், நீ இல்லை என்று சொன்னதாகவும், அவர் மறுபடியும் அதையே கேட்டதாகவும் போகிறபோக்கில் சொன்னாய். "குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல பொசுக்குன்னு செத்திருக்காகளானு கேக்குறாரு. மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிட்டு." அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. உன் பதில் சரியானது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கல்லூரிச் சாலையில் இருக்கும் இதய டாக்டரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்தார். "யாரு, உங்க தம்பியா?" என்றார். மகன் என்றேன். "இது எந்த ஊர்ல எடுத்தது?" சொன்னேன். சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறான் என்றேன். அவர் நிமிர்ந்து, "இப்பவுமா?" என்றார். மயக்கம் வந்தது ஏறும்போதா, ஏறி முடித்து நின்ற பிறகா என்று கேட்டார். ஏறும்போது என்றேன். படத்தை வைத்து முடிவாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இதயத்தின் சதை தடித்திருக்கிறதோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது, எக்கோ எடுத்துப் பார்க்காமல் அவன் மாடிப்படிகூட வேகமாக ஏறக் கூடாது என்றார். பிறகு அவரும் அந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். ஒரு கொழுந்தன் இருந்தார், ஊருணியில் முழுகிப் போய்விட்டார், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே என்றேன். "நீச்சல் தெரியாதவரா?" என்று கேட்டார். சொக்கலிங்கம் சித்தப்பா கண்மாயை அக்கரை வரைக்கும் நீந்திப் போய்த் திரும்புவார் என்று உன் அப்பச்சி எத்தனை தடவை நம்மிடம் சொல்லியிருக்கிறார்! டாக்டர் போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா, கேட்டுப் பாருங்கம்மா" என்றார். என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

நம் வீட்டுக்கு ஒரு வழக்கம் இருப்பது உனக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு இங்கிருந்து கெட்ட சேதி போகாது. அங்கே தனியாக இருப்பவன் கேட்டு என்ன செய்யப்போகிறான், தொழில் கெடும், மனசு கெடும், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. பாட்டையா சைகோனில் இருந்தபோது அவர் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். வீட்டிலிருந்து போன கடிதங்களில் மட்டும் அவர் நலமாக இருந்தார். பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். கோவிலூர் மடத்துப் பூசைக்குப் போய்வந்தார். இளைத்திருந்தவர் இப்போது தேறியிருந்தார். பாட்டையா பட்டுச் சேலைகள் வாங்கி, தெரிந்தவர்களிடம் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். சேலைகள் வந்து சேர்ந்தன, மிகவும் பிடித்திருக்கிறது என்று பதில் போனது. கடைசியில் அவர் ஊருக்கு வந்து இறங்கியபோது கையில் இன்னொரு சேலை இருந்ததாம். புதுப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்தபோது இந்தக் கதையை எனக்குப் பெருமையாகச் சொன்னார்கள், ஒரு மனிதரை எவ்வளவு பொத்திக் காத்தோம் பார் என்று. நானும் அப்போது உருகித்தான் போனேன். அந்தச் சேலைகளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இந்த வாரம்தான் யோசித்தேன்.

நேமத்தான்பட்டிக்கு உன் அத்தை வீட்டுக்குப் போனேன். சித்தப்பா இறந்த நாளில் ஊரில் இருந்த நம் வீட்டாரில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அத்தைக்குத் தம்பியான உன் அப்பச்சி அப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தார். அத்தை முற்றத்தில் மேசை போட்டு, பட்டுச் சேலையின் மேல் வெள்ளைத் துணி விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் உமையாளைப் பெண் பார்க்க வலையபட்டியிலிருந்து வரப்போகிறார்கள் என்பது உனக்குத் தெரியுமே.

"வாத்தா, வா. இந்த வெயில்ல வந்திருக்கியே, காரெடுத்துட்டு வரப்புடாது? உன் மகன் எங்க இருக்கான், இன்னும் சீமை சுத்திக்கிட்டுத்தான் இருக்கானா?" என்றார்.

"ஆச்சி, ஒன்னு கேக்கணும். சொக்கலிங்கம் எப்படித் தவறிப்போனாக?"

"இப்ப எதுக்குத்தா அந்தப் பேச்சு? நாளைக்கழிச்சு வலையபட்டிக்காரக வாராக. நல்ல காரியம் நடக்கிற வீட்ல வந்து இதைக் கேக்குறியே."

"நம்ம பய மயங்கி விழுந்திருக்கான், ஆச்சி. ரெண்டு தடவை."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். வயரை அவசரமில்லாமல் சுற்றி ஓரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஏறுறப்பவா?" என்று கேட்டார்.

நான் அவரிடம் மேட்டைப் பற்றியோ மலையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை, தம்பி. மயங்கி விழுந்தான் என்று மட்டும்தான் சொன்னேன். காரைக்குடியில் அந்த இதய டாக்டர் கேட்ட அதே கேள்வியை, அந்த முற்றத்தில் உன் அத்தை கேட்டார். உட்காருவதற்கு இடம் தேடினேன்.

"அந்த வருசம் ஊருணியில ஏதுத்தா தண்ணி? நாய் நடந்து போனாக்கூட காலு நனையாது" என்றார். "சேத்தாளிப் பயகளோட பந்தயம் விட்டு ஓடியாந்தான். அங்குட்டுக் கரையிலேருந்து இங்குட்டு வரைக்கும். அவன்தான் முன்னாடி. சிரிச்சுக்கிட்டே படியில ஏறுனான். நான் மேல நிக்கிறேன், என்னப் பாத்து, 'ஆச்சி, நான்தான் செயிச்சேன்'ங்கிறான். அப்படியே குப்புற விழுந்துட்டான். விளையாடுறான்னு நெனச்சேன். போயித் திருப்பிப் போட்டா..."

நான் தூணோரம் உட்கார்ந்தேன்.

"அவன் சட்டை நனையவே இல்லத்தா. எங்க அப்பச்சி வந்து பாத்தாக. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாக. அப்புறம், கூட ஓடியாந்த பயகள வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டு, ஒரு குடம் தண்ணிய எடுத்து மேல ஊத்துங்கன்னாக. ஊத்துனது நான்தான்."

ஏன் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"ஏன்னா? நல்லா ஓடியாடுன பய நெஞ்சடைச்சுச் செத்தான்னா, அந்த வீட்டுப் பொண்ண யாரு கட்டுவாக? உன் புருசனுக்கு யாரு பொண்ணு குடுப்பாக? உங்க வீட்லதான் குடுத்திருப்பாகளா? தண்ணியில போனான்னா அது விதி. சீக்குன்னா அது வம்சம்." பிறகு, "அவனுக்கு முந்தியும் ஒருத்தர் உண்டு. எங்க சின்னையா. பினாங்குல, பந்து விளையாடுறப்ப. அது விசக் காச்சல்னு சொல்லிக்கிருவோம்" என்றார்.

நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உமையாளுக்கு முடியட்டும்த்தா. ரெண்டே நாளு. அதுவரைக்கும் வாயத் திறக்காத. உனக்குப் பொட்டப் புள்ள இல்ல, உனக்குத் தெரியாது." அவர் கெட்டவர் இல்லை. பதினெட்டு வயதில் தம்பியின் மேல் தண்ணீர் ஊற்றியவர். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த ஊருணிப் பக்கம் போனதில்லை என்றும் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். "உமையாளுக்குப் படி ஏறுனா மூச்சு வாங்குதா, ஆச்சி?" என்றேன். அவர் கையை விட்டுவிட்டு, சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்ட கேள்விக்கு நீ பொய் சொல்லவில்லை. நாங்கள் உனக்குக் கொடுத்து வைத்திருந்த பதிலைச் சொன்னாய். உன்னைப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்த ஒவ்வொருவரும் அந்தப் பதிலை நம்பித்தான் உனக்குக் குளுக்கோஸ் கொடுத்தார்கள், வைட்டமின் கொடுத்தார்கள், நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லி வழியனுப்பினார்கள். நீ மறுபடியும் சைக்கிளில் ஏறினாய். அந்தக் குடத்துத் தண்ணீர் இத்தனை வருஷம் கழித்து இன்னொரு தேசத்தில் உன் மேலும் ஊற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நீ வலியைச் சொல்லாத பிள்ளை. அதை உன் சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஏழாம் வகுப்பில் கோவிலூர் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் இடது கையால் சாப்பிட்டாய். கேட்டதற்கு, இடது கைப் பழக்கம் செய்து பார்க்கிறேன் என்றாய். மறுநாள் தோள் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. அப்போது வீட்டுக்கு வந்த எல்லோரும், "நம்ம வீட்டுப் புள்ள, மூச்சு விடலையே" என்று மெச்சிக்கொண்டார்கள். உனக்கு அன்று கிடைத்தது மாவுக்கட்டு மட்டுமில்லை, ஒரு பரிசும்கூட. வலியை மறைத்தால் இந்த வீட்டில் மதிப்பு உண்டு என்று ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேறு என்ன வேண்டும்? இப்போது வாடிய கீரை என்று சிரிக்கவைத்ததும் அதே பிள்ளைதான். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்று. தைரியத்தையும் மறைத்தலையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முன்னதைக் காட்ட உனக்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. அந்தக் கணவாய் எங்கும் போய்விடாது.

நேமத்தான்பட்டியிலிருந்து வந்ததும் உன் அப்பச்சியிடம் சொன்னேன். தன் தம்பி செத்த விதம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எப்போது தெரியும், யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. "கடலுக்கு அங்குட்டு இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. தனியாக் கெடந்து பயந்து போவான். வரட்டும், வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

"வருவான்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். என் காரியங்களை நாலு பேர் அறியச் செய்வது எனக்கு எப்போதுமே பிடிக்காது. படிக்கும் புத்தகத்துக்குக்கூட அட்டை போட்டு வைப்பவள் என்று நீயே கேலி செய்வாய். ஆனாலும் இதை உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. நம் குடும்பக் குழுவிலும் போடப்போகிறேன். உன் ரத்தத்தில் இருப்பது உன்னோடு நிற்கவில்லை. உமையாள் படிக்க வேண்டும். சென்னையில் தினமும் காலையில் ஓடுகிற உன் பெரியப்பா மகன் படிக்க வேண்டும். மலேசியாவில் இருக்கும் பினாங்குக்காரரின் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும். அங்கே போட்டால் மாலைக்குள் வலையபட்டிக்கும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சம்பந்தம் முறியலாம். உன் அத்தை என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டார். அதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதுவரை எழுதியிருந்தபோது உன் அப்பச்சி திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். சண்டை என்று நினைத்து போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். குழுவுலயும் போடப்போறேன். நீங்க என்ன சொன்னாலும் போடத்தான் போறேன்."

"என்னையும் சேத்து எழுது" என்றார்.

"உங்களப் பத்தி என்ன எழுத?"

"போன ஆவணியில அரிசி ஆலை மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு வந்து சொன்னேன்ல? நீகூட தைலம் தேச்சுவிட்டியே."

"ஆமா."

"வழுக்கல."

எத்தனை தடவை என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதையும் எழுதணுமா?" என்றார். பிறகு, "அவன்ட்ட டாக்டர் கேட்டா, எங்க அப்பச்சிக்கும் இருக்குன்னு சொல்லச் சொல்லு. செத்தவக பேரச் சொன்னா நம்புவாகளோ மாட்டாகளோ. உயிரோட இருக்கிறவன் பேரச் சொல்லட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன். உடனே கல்லூரிச் சாலை டாக்டரைப் போனில் கூப்பிட்டேன்; இவரை இன்றைக்கே மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். நீ சைக்கிளை அந்த விடுதியிலேயே விட்டுவிட்டு, வாடகைக் கார் பிடித்து, ஹூவேயில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பைகளை நீ தூக்காதே. இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல். சித்தப்பா, பினாங்கில் இறந்த சின்னையா, உன் அப்பச்சி, மூவரையும் பற்றி அந்த டாக்டரே ஆங்கிலத்தில் எழுதி என் போனுக்கு அனுப்பியிருக்கிறார். அதை இதோடு அனுப்புகிறேன், அப்படியே காட்டு. அவர்கள் இருக்கச் சொன்னால் இரு. உன் அப்பச்சியை மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்ததும், உன் மாமா வீட்டில் யாரிடமாவது அவரை ஒப்படைத்துவிட்டு, கிடைக்கிற விமானத்தில் நான் அங்கே வருகிறேன். இது நீ பயந்து திரும்பியதாக ஆகாது. நான் வெளிநாடு பார்த்ததாக ஆகும். அப்படிச் சொல்லிக்கொள்வோம்.

கார் வாசலுக்கு வந்துவிட்டது. ஓட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறேன், உன் அப்பச்சியை ஓட்ட விடவில்லை. அவர் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குகிறார். இந்த மனிதர் இப்படி இறங்கி நான் பார்த்ததே இல்லை. யாரும் பார்க்காதபோது இப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

இதை அனுப்பிவிட்டு உன்னைக் கூப்பிடுவேன். போனை எடு.